திறன் அடிப்படைக் கற்றல் என்றால் என்ன?

பாடம் நடத்தி முடிந்ததா என்று பார்க்காமல், பிள்ளைக்கு அது செய்ய வருகிறதா என்று பார்த்து அடுத்த படிக்கு நகர்த்துவதுதான் இது. தையல் வகுப்பில் ஓரம் மடிக்க வராதவரிடம் யாரும் ரவிக்கைத் துணியைக் கொடுப்பதில்லை, இல்லையா?

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற பள்ளிக் கல்வித் திட்டம் இந்த வகைதான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைகள் இருந்தார்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் வகுத்தல் எப்படி ஏறும்? அதனால் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்தினார்கள். ஒரே அறையில் மூன்று நிலை. ஆசிரியருக்கு வேலை கூடுதல்தான்.

அப்புறம், இதில் தேர்வே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். மதிப்பீடு உண்டு, பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க.