சிறுநீர் சிவப்பதைவிடப் புரதம் கசிவதே கவனிக்க வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 29. இருமுறை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தபோது, மறுநாளே சிறுநீர் அடர்பழுப்பு நிறமாகிச் சில நாட்களில் தெளிந்துவிட்டது. பயாப்ஸியில் (சிறுநீரகத் திசுப் பரிசோதனை) ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் என்று வந்துள்ளது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) இயல்பு, ஒரு நாள் சிறுநீரில் 1.4 கிராம் புரதம். ரத்த அழுத்தம் 138/88. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது தினமும் ரத்த அழுத்த மாத்திரை அவசியமா? அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் உள்ளது.

பதில்: அவசியம்தான், உங்களுக்கு வலியோ வீக்கமோ இல்லாத இந்தக் கட்டத்தில்தான் அந்த மாத்திரையால் அதிகப் பயன் கிடைக்கும்.

நம் தொண்டையிலும் குடலிலும் கிருமிகளைத் தடுப்பதற்காக ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் சுரக்கிறது. இந்நோய் உள்ளவர்களிடம் அதன் ஒரு பகுதி கேலக்டோஸ் என்னும் சர்க்கரை குறைந்த நிலையில் உருவாகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி அதற்கு எதிராகவே வேறு எதிர்ப்புரதங்களை உண்டாக்க, இரண்டும் பிணைந்து சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சுகளில் படிந்து அழற்சியை ஏற்படுத்துகின்றன. தொண்டைத் தொற்று வந்த ஓரிரு நாட்களிலேயே உங்கள் சிறுநீர் நிறம் மாறியது இதனால்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாத் தொற்றைத் தொடர்ந்து வரும் சிறுநீரக அழற்சி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே தலைகாட்டும். உங்களுக்கு வந்திருப்பதை 1968-இல் பாரிஸைச் சேர்ந்த ழான் பெர்ஜே முதன்முதலில் விவரித்தார்.

சிவந்த சிறுநீர் அச்சமூட்டுவது இயல்பே. ஆனால் நோயின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத புரதக் கசிவும் உயர் ரத்த அழுத்தமும்தான். புரதம் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் மாதக்கணக்கில் கசிந்தால், வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறிச் செயலிழக்கும் வாய்ப்பு கூடுகிறது. கிரியாட்டினின் இயல்பாக இருப்பதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். சிறுநீரகத் திறனில் பாதிக்கு அருகில் குறைந்த பிறகும் அது இயல்பு வரம்புக்குள் இருக்கக்கூடும். இந்நோய் உள்ள எல்லோருக்கும் டயாலிசிஸ் தேவைப்படுவதில்லை. எனினும் கணிசமானோருக்கு இருபது ஆண்டுகளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

உங்களுக்குப் பரிந்துரைத்தது ராமிப்ரில் அல்லது லோசார்ட்டான் வகை மாத்திரையாக இருக்கக்கூடும். இவை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தனியே தணித்துப் புரதக் கசிவைக் குறைக்கின்றன. தொடங்கிய ஓரிரு வாரங்களில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். புரதத்தை நாளொன்றுக்கு அரை கிராமுக்குக் கீழே கொண்டுவருவதே இன்றைய இலக்கு. உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் வைத்தால் மாத்திரையின் பலன் கூடும். இவ்வளவுக்குப் பிறகும் புரதம் குறையாவிட்டால் சிறுநீரகத்தைக் காக்கும் டபாக்ளிஃப்ளோசின் மாத்திரை, ஸ்டீராய்டு போன்றவற்றை மருத்துவர் பரிசீலிப்பார். ஸ்டீராய்டால் தொற்று, சர்க்கரை உயர்வு ஆகியவை வரக்கூடும் என்பதால் அதை நீங்களாக அவசரப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த முறை தொண்டை வலித்தால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளைத் தவிர்த்துப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையானால் ராமிப்ரில் வகை மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரின் அளவு வெகுவாகக் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, சிவப்பு நிறம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ காத்திருக்கக் கூடாது. அரிதாக இந்நோய் சில வாரங்களிலேயே சிறுநீரகத்தை முடக்கும் வேகத்தில் தீவிரமடையும்.

குழந்தைக்கான திட்டத்தை இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ராமிப்ரில், லோசார்ட்டான் இரண்டுமே கருவின் சிறுநீரகத்தைப் பாதிப்பவை. லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற பாதுகாப்பான மருந்துக்கு எப்போது மாறுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். புரதக் கசிவும் ரத்த அழுத்தமும் கட்டுப்படாத நிலையில் கருவுற்றால் முன்சூல்வலிப்பும் (கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக உயரும் நிலை) குறைப்பிரசவமும் நேரும் வாய்ப்பு அதிகம். எனவே சில மாதங்கள் சிகிச்சை எடுத்து, இரண்டும் கட்டுக்குள் வந்த பிறகு கருத்தரிப்பதே நல்லது. கிரியாட்டினின் இயல்பாக உள்ள உங்களைப் போன்ற பெண்களில் பெரும்பாலோர், நெருங்கிய கண்காணிப்பில் நலமாகவே குழந்தை பெறுகிறார்கள்.