கலேவலாவும் கொலுசுப் பட்டறையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இணையக் கலைக்களஞ்சியங்களில் தமிழில் புதிதாக வரும் பதிவுகளை நீங்கள் அவ்வப்போது சுட்டிக்காட்டுகிறீர்கள். அப்படித்தான் கலேவலா, குண்டலகேசி பற்றிய பதிவுகளைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்லாந்துக் காவியத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். எங்கள் ஏற்காட்டைத் தேடிப் பார்த்தால் ‘ஏழைகளின் ஊட்டி’, படகு இல்லம், 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான். முதலில் நம் வீட்டைப் பார்க்க வேண்டாமா? இன்னொன்று, இந்தப் பதிவுகளில் ருசியே இல்லை. பிறந்தார், எழுதினார், இறந்தார் என்று போகிறது. செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் இதைவிட நன்றாகவே கதை சொல்கிறது. பிறகு எதற்கு இந்த உழைப்பு? எனக்கும் எழுத ஆசை உண்டு. ஆனால் நான் படித்தது பி.காம். எதை எழுதுவது, எழுதினால் யார் மதிப்பார்கள் என்று தெரியவில்லை.

க.
செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள க.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ஏற்காடு பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி லாட்ஜ் வரவேற்பறையில் கிடக்கும் துண்டுப்பிரசுரம்தான். ஆனால் அந்தப் பழியைப் பின்லாந்தின் தலையில் போடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. கலேவலாவைப் பற்றி எழுதியவரின் கையைப் பிடித்து நிறுத்தினால் அவர் மறுநாள் ஏற்காட்டைப் பற்றி எழுத உட்காரமாட்டார். சும்மா இருப்பார். சம்பளமில்லாத வேலை இது, அவரவருக்குப் பித்துப் பிடித்ததைத்தான் அவரவர் எழுதுவார்கள்.

அதைவிட முக்கியமானது, அந்தப் பதிவை நீங்கள் சேலத்துக்காரராக நின்று படிக்கவில்லை. கலேவலாவைத் தொகுத்த எலியாஸ் லோன்ரோட் பேராசிரியர் ஆவதற்கு முன்னால் கயானி என்ற சின்ன ஊரில் வட்டார மருத்துவர். ஊர் ஊராக நடந்து போய்ப் பாட்டுக்காரர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு எழுதினார். 1835-இல் முதல் பதிப்பு, 1849-இல் விரிவான பதிப்பு, 50 பாடல்கள், 22,795 வரிகள். அப்போது பின்லாந்து ரஷ்யாவின் ஆளுகையில் இருந்தது. படித்தவர்கள் பேசியதும் எழுதியதும் ஸ்வீடிஷ் மொழியில். காட்டோரத்துக் கிராமத்தில் எழுத்தறியாத கிழவர்கள் பாடியதுதான் பிறகு ஒரு தேசத்தின் காவியமாயிற்று. அதை முழுவதுமாகத் தமிழில் பெயர்த்து 1994-இல் வெளியிட்டவர் உதயணன் என்ற பெயரில் எழுதிய ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் மலையைத் திரும்பிப் பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் இருக்கும் மலையாளிப் பழங்குடிகள் சொல்வார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பதில் ஆளுக்கு ஆள் கதை மாறும். லோன்ரோட் கேட்ட பாடல்களும் அப்படித்தான் மாறின. அவர் வெட்டி, ஒட்டி, இடையில் தானே சில வரிகளைச் சேர்த்து ஒரே கதையாக்கினார். காவியம் செய்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவருக்குக் கிடையாது. அவர் மூன்று வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த ஊரில் யாரால் எப்போது பதிவு செய்யப்பட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சேர்வராயன் கோயில் பற்றி எழுதப் போகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

ஏற்காட்டில் ஒன்றுமில்லை என்பதையும் ஏற்க முடியாது. அங்கே 1882-இல் காலமான பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்லியன் மிஷனரியாக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அவருடைய பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவர் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவியவர் ஆறுமுக நாவலர். பின்னாளில் சைவத்துக்காகக் கிறித்தவ மிஷன்களோடு மல்லுக்கு நின்ற அதே நாவலர்தான்! பெர்சிவல் பிறகு சென்னைக்கு வந்து 1855-இல் ‘தினவர்த்தமானி’ என்ற வார இதழைத் தொடங்கினார். அதில் பணியாற்ற வந்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர், 1887-இல் கலித்தொகையை அச்சேற்றியவர். பெர்சிவல் தொகுத்த தமிழ்ப் பழமொழிகளின் 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உண்டு.

அவருடைய மருமகன் யார் தெரியுமா? ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, அது பழைய கற்கால மனிதனின் கைக்கருவி என்று கண்டுகொண்டவர். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் குடியிருந்தார். ஆயுள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912-இல் அவர் இறந்தது கல்கத்தாவில். நினைவுக்கல் இருப்பது ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்.

பழமொழிக்காரர் மாமனார், கற்கோடரிக்காரர் மருமகன், இரண்டு பேரும் உங்கள் மலையில். ஏற்காடு என்ற பதிவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு கோடு, பல்லாவரத்துக்கு ஒரு கோடு, கலித்தொகைப் பதிப்புக்கு ஒரு கோடு போக வேண்டும். காபியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், அதற்காக அரபு நாட்டுக்கும் ஒரு கோடு இழுக்கலாம். உள்ளூரா உலகமா என்று நீங்கள் கேட்பதற்கே இடமில்லாமல் போய்விடும்.

இனி ருசிக்கு வருவோம். கலைக்களஞ்சியப் பதிவு ருசிக்காகப் படிக்கப்படுவதில்லை. உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன், கொலுசில் சத்தம் போடுவது சலங்கை, காலில் நிற்கவைப்பது திருகு. நம்மவர்கள் எழுதும் பதிவுகளில் திருகே இருப்பதில்லை என்பதுதான் என் குறை. ‘ஒப்பற்ற’, ‘மாபெரும்’, ‘தன்னிகரில்லா’ என்று ஒலித்துக்கொண்டே போகும், பிறந்த ஆண்டு இருக்காது. அஞ்சலிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர் மாதிரி எழுதுகிறார்கள்.

வறட்சியாக இருந்தது என்றீர்களே, அந்தக் குண்டலகேசிப் பதிவையே பார்ப்போம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, பௌத்த நூல், நாதகுத்தனார் இயற்றியது, முழு நூல் கிடைக்கவில்லை, புறத்திரட்டு போன்ற தொகைகளின் வழியாகச் சில பாடல்களே மிஞ்சின, இதை மறுக்கத்தான் சமணத்தில் நீலகேசி எழுந்தது. இவ்வளவுதான். நீங்கள் ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடக்காமலா இருப்பீர்கள்? உள்ளே இருந்த ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே டி.ஆர். சுந்தரத்தின் நிறுவனம் 1950-இல் எடுத்த ‘மந்திரி குமாரி’க்கு மு. கருணாநிதி வசனம். கதையின் முடிச்சு குண்டலகேசியிலிருந்து எடுத்தது. இயக்கத்தில் சுந்தரத்தோடு கைகோத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் ஒஹையோக்காரர்.

‘வாராய் நீ வாராய்’ பாட்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கணவன் காதலாகப் பாடிக்கொண்டே மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போவான், தள்ளிக் கொல்வதற்கு. அவள் சாவதற்குமுன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு, பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுவாள். இதே காட்சி, பௌத்தப் பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதைக்குப் பாலி மொழியில் எழுதப்பட்ட உரையில் இருக்கிறது. ராஜகிருகத்துச் செல்வரின் மகள் பத்தா, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் திருடனைச் சாளரத்தில் பார்த்து ஆசைப்படுகிறாள். தகப்பன் காசைக் கொடுத்து அவனை மீட்டு அவளுக்குக் கட்டிவைக்கிறார். நகைக்காக அவன் அவளை மலைக்குக் கூட்டிப் போகிறான். மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். படத்தில் வராதது அதற்குப் பிந்தைய கதை. அவள் சமணத் துறவியாகிறாள். பறித்த தலைமயிர் சுருள் சுருளாக மறுபடி முளைக்கிறது, அதனால் குண்டலகேசி. நாவல் மரக் கிளையை ஊருக்கு ஊர் மணல்மேட்டில் நட்டு, முடிந்தவன் வாதுக்கு வா என்று அறைகூவுகிறாள். புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்று பிக்குணியாகிறாள்.

சேலம், சென்னை, ஒஹையோ, ராஜகிருகம். ஒரு வறட்டுப் பதிவில் கிடக்கும் நாலு இணைப்புகளை அழுத்திக்கொண்டே போனால் இவ்வளவும் வரும். ருசி வேண்டுமானால் அந்த உரைநூலுக்குப் போய்விடுங்கள். பதிவு வழிகாட்டினால் போதும், கூடவே வந்து கதையும் சொல்ல வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் உலகம் பற்றி யாராவது எழுதிவைத்ததைத்தான் அது சொல்ல முடியும். எழுதாமல் விட்ட இடத்தில் தானாக எதையாவது இட்டுக்கட்டும், அதுவும் நல்ல நடையில். கதை நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என் பயமும்.

பி.காம். என்பதற்குக் கூச்சம் எதற்கு? 1902-இல் யாழ்ப்பாணத்தில் ‘அபிதான கோசம்’ தொகுத்த முத்துத்தம்பிப் பிள்ளையும், 1910-இல் ‘அபிதான சிந்தாமணி’யைக் கொண்டுவந்த சிங்காரவேலு முதலியாரும் பெரிய ஆய்வுக்கூடம் எதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அல்ல. முதலியார் பள்ளித் தமிழாசிரியர். பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்ததால் மதுரைத் தமிழ்ச் சங்கம் அச்சிட்டது. பெரிய குழு சேர்ந்து செய்தது பிறகு பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த கலைக்களஞ்சியம்தான். பத்துத் தொகுதிகள், 1954-இலிருந்து 1968 வரை. தொகுதிகள் வந்துகொண்டிருந்தபோதே 1956-இல் மாநில எல்லையே மாறிப்போனது. அச்சிட்ட தொகுதியை என்ன செய்ய முடியும்? உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. தப்பாகப் போட்ட ஆண்டை இரவு பத்து மணிக்குத் திருத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.

எதை எழுதுவது என்று கேட்டீர்கள். கொலுசை எழுதுங்கள், சார்! வெள்ளியை உருக்குவது ஒரு வீடு, கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது வேறொரு தெரு என்று வேலை எப்படிப் பிரிகிறது, கூலி எடைக்கா எண்ணிக்கைக்கா, சேதாரக் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் கணக்கு நோட்டை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. ஆனால் இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும் என்று கலைக்களஞ்சியத்தில் எழுத முடியாது. அச்சிலோ இணையத்திலோ வெளியான சான்று கேட்பார்கள், கேட்பதும் சரிதான். இல்லாவிட்டால் ஆளுக்கொரு ஸ்தல புராணம் எழுதிவிடுவார்கள். ஆகவே முதலில் கட்டுரையாக எழுதுங்கள். பட்டறையின் மூத்த ஆட்களிடம் பேசி, யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவியையும் அங்கே என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அதையே எழுதுங்கள், அகராதியில் தேடி அழகான பெயர் வைக்க வேண்டாம். ஏதாவது சிற்றிதழில் வரட்டும், நான் கேட்டுப் பார்க்கிறேன். பதிவு அதன் பிறகு. லோன்ரோட்டும் முதலில் நோட்டுப் புத்தகம்தான் வைத்திருந்தார்.

அது முடிகிற வரைக்கும் கை சும்மா இருக்க வேண்டாம் என்றால், பகடாலு நரசிம்மலு நாயுடுவை எடுங்கள். 1854-இல் சேலத்தில் பிறந்தவர், ‘சேலம் தேசாபிமானி’ நடத்தியவர், வட இந்தியா வரை போய்வந்து தமிழில் பயணநூல் எழுதியவர்களில் முன்னோடி. சிறுவாணித் தண்ணீருக்காக வாதாடினார் என்பதால் கோயமுத்தூரோடுதான் அவர் பெயரைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அவருடைய சேலத்து வாழ்க்கைக்கு ஒரு பத்தியாவது சான்றோடு சேருங்கள். கோவை நண்பர்கள் சண்டைக்கு வந்தால் என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்