காட்டில் தனியாக ஓடுகிறவனை எப்படிப் பேச வைப்பது?
ரிச்சர்ட் கானலின் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' (1924) கதையை அரைமணி வானொலி நாடகமாக்கும்போது, மனிதர்களையே வேட்டையாடும் ஜெனரல் ஸாரோஃபிடமிருந்து தப்பிக்க நாயகன் ரெய்ன்ஸ்ஃபோர்ட் காட்டுக்குள் ஓடியதும் வசனமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவனைத் தனக்குத்தானே புலம்ப விடாதீர்கள், ஒளிந்திருக்கிறவன் வாயைத் திறப்பானா?

அதற்குப் பதிலாக அவனையே கதைசொல்லி ஆக்கிவிடுங்கள். மூலம் படர்க்கையில் இருந்தால் இருக்கட்டும். அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஒலிபரப்பான 'எஸ்கேப்' நாடகத் தொடரில் வந்த 'த்ரீ ஸ்கெலிடன் கீ' கேட்டுப் பாருங்கள்: கலங்கரை விளக்கத்தில் மூன்று பேர், சுற்றிலும் எலிகள், நடப்பதையெல்லாம் அவர்களில் ஒருவனே நமக்குச் சொல்கிறான்.

மரத்தடிக் காட்சியில் மட்டும் கதைசொல்லியையும் நிறுத்திவிடுங்கள். ஜெனரல் ஸாரோஃப் வருகிறான், நிற்கிறான், மேலே பார்க்கிறான், ரெய்ன்ஸ்ஃபோர்ட் மரத்தின் மேல்தான் ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்தும் சிகரெட் புகையை வளையமாக விட்டுவிட்டுப் போய்விடுகிறான். காலடிச் சத்தம், தீக்குச்சி உரசல், கொஞ்சம் மௌனம், மறுபடி காலடி. அவ்வளவுதான், அதற்கு மேல் இசை கிசை எதுவும் வேண்டாம்.

அப்புறம், ரெய்ன்ஸ்ஃபோர்ட் வைத்த முதல் பொறியில் தோளில் அடிபட்டதும் ஜெனரல் காட்டைப் பார்த்து உரக்கப் பாராட்டுகிறானே, அது கானலே எழுதிக் கொடுத்த வசனம், வெட்டிவிடாதீர்கள். நேரம் போதாவிட்டால் தொடக்கத்தில் வரும் கப்பல் உரையாடலை ஒரு நிமிடத்துக்குள் சுருக்குங்கள், ஜெனரலின் மாளிகையில் நடக்கும் விருந்துக் காட்சியில் கை வைக்க வேண்டாம். அங்கேயே ஜன்னலுக்கு வெளியே வேட்டைநாய்கள் ஒருமுறை குரைக்கட்டும், பிறகு காட்டில் தூரத்தில் கேட்டாலே போதும்.