வாசகர் கேள்விகள்: மலைச்சரிவும் மாணவர் ஆய்வும்

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் பயில்கிறேன். அடுத்த ஆண்டு ஆய்வுத் தலைப்பொன்றைத் தெரிவு செய்ய வேண்டும். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் என்பதால் மண்சரிவைப் பற்றி ஆராய விரும்புகிறேன். ஆனால் பேராசிரியருக்குத் தெரியாத எதை நான் சொல்லிவிடப் போகிறேன் என்ற தயக்கம் இருக்கிறது.
(மாணவி, பண்டாரவளை)

பதில்: மகள், பேராசிரியருக்குப் பாறையைத் தெரியும். சார்னொக்கைட்டு எங்கே முடிகிறது, குவார்ட்சைட்டு எங்கே தொடங்குகிறது, பாறைப் படைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதையெல்லாம் அவர் சொல்வார். லயத்துக்குப் பின்னாலுள்ள ஊற்று எந்த மழையில் கலங்கியது, எந்த ஆண்டில் கொழுந்து மலையின் படிக்கட்டு வெடித்தது என்பதோ, நாள்தோறும் அந்த மலையில் ஏறி இறங்கும் உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். சாயும் மரங்கள், நிலத்திலும் சுவரிலும் விழும் வெடிப்புகள், திடீரெனத் தோன்றும் அல்லது சேறாகும் ஊற்றுகள் ஆகியவற்றையே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மண்சரிவின் முன்னறிகுறிகளாகக் கவனிக்கச் சொல்கிறது. ஆகவே நீங்கள் அவரிடம் வெறுங்கையோடு போகவில்லை.

ஆனால் ‘மலையகத்தில் மண்சரிவுக்கான காரணங்கள்’ என்ற தலைப்போடு போக வேண்டாம். அது ஒரு மாணவி ஓராண்டில் செய்து முடிக்கக்கூடிய வேலையன்று. உங்கள் டிவிஷனில் ஒரே ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள இரண்டு மூன்று ஊற்றுகள், மழை பெய்து எத்தனை மணி நேரத்தில் பெருகுகின்றன, எப்போது கலங்குகின்றன என்பதை ஒரு மழைக்காலம் முழுதும் அளந்து எழுதுங்கள். பல தோட்டங்களின் காரியாலயங்களில் மழைப் பதிவேடு பல்லாண்டுகளாகப் பேணப்படுவதால், முகாமையாளரின் அனுமதியோடு அதையும் பார்வையிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்பதே நாட்டில் பின்பற்றப்படும் பொது அளவு. உங்கள் சரிவின் ஊற்றுகள் இந்த அளவுகளுக்கு முன்பே கலங்குகின்றனவா, பின்பா என்பது சிறிய கேள்விதான்; ஆனால் விடை கிடைக்கக்கூடிய கேள்வி. இப்படிச் சுருக்கிக்கொண்டு போனால், அதை மேலும் செதுக்கித் தருவது மேற்பார்வையாளரின் கடமை. பாறைச் சாய்வும் மலைச் சரிவும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று திசைகாட்டியோடு வந்து பார்க்கும்படியும் அவரைக் கேளுங்கள். ஒரு முறையேனும் உங்களோடு அந்த மலையில் ஏறாதவர் இந்த ஆய்வை வழிநடத்த முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மலை அதற்கு முன்பே அறிகுறிகளைக் காட்டியிருந்தது. ஆய்வின் நடுவே புதிய வெடிப்பு எதையேனும் கண்டால், ஆய்வுக்கட்டுரை முடியட்டும் என்று காத்திராமல், அன்றே கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: நான் இளம் விரிவுரையாளர். என் மாணவர்கள் வெளிக்களத்தில் நான் சொல்வதை மட்டுமே எழுதிக்கொள்கிறார்கள். அவர்களைத் தாமாக யோசிக்க வைப்பது எப்படி?
(வாசகர், பதுளை)

பதில்: பாறையின் முன் போய் நின்றதும் நீங்கள் பேசாதீர்கள். அரை மணி நேரம் அவர்கள் பார்த்து, வரைந்து, சாய்வை அளக்கட்டும். அதன்பின் அவர்களுடைய படத்திலிருந்து கேள்வியைத் தொடங்குங்கள். ஆய்வுகூடத்திலும் அப்படித்தான். பாறைச் சீவலை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்கு அவர்களே தேய்க்கட்டும். தடிப்புக் கூடினால் முனைவாக்க நுணுக்குக்காட்டியில் குவார்ட்ஸ் சாம்பல் நிறத்தை விட்டு மஞ்சளாகத் தெரியும். கூடுதலாகத் தேய்த்தால் சீவலே கரைந்து போய்விடும். இரண்டு சீவல்களைக் கெடுத்த மாணவர் மூன்றாவதில் கற்பதை, நூறு விரிவுரைகளால் என்னால் கற்பிக்க முடிந்ததில்லை.

அமெரிக்காவில் 1987 இல் சில சிறு கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய கெக் புவிச்சரிதவியல் கூட்டமைப்பில், வெவ்வேறு கல்லூரி மாணவர்கள் பேராசிரியர்களோடு கோடையில் ஒரே களத்தில் தங்கி வேலை செய்து, ஊர் திரும்பிய பின்னும் அந்த ஆய்வைத் தொடர்கிறார்கள். நம் மலைகளில் இந்த முறைக்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது. தமிழ் பேசும் மாணவரையும் சிங்களம் பேசும் மாணவரையும் ஒரே சரிவில் இணைத்துவிட்டால், லயத்திலும் கிராமத்திலும் ஒருவர் கேட்டு வருவதை மற்றவர் சரிபார்க்கலாம்.

ஆய்வு கட்டுரையாக வெளிவரும்போது மாணவரின் பெயரை மறக்க வேண்டாம். மாணவப் பருவத்தில் நான் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரையொன்று என் பெயரில்லாமல் வந்தது. அந்த வருத்தம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

கேள்வி: வெளிக்கள ஆய்வுக்கு மகளைத் தனியாக மலைக்கு அனுப்பலாமா?
(தந்தை, தலவாக்கலை)

பதில்: மகளை மட்டுமன்று, மகனையும் தனியாக அனுப்பக் கூடாது. இருவராவது சேர்ந்து போக வேண்டும். போகும் இடமும் திரும்பும் நேரமும் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். மழை தொடங்கியவுடன் வேலையை நிறுத்திவிட்டுச் சரிவிலிருந்து விலக வேண்டும். பல்கலைக்கழகத்திடம் இவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. இவை உறுதியானால், தயங்காமல் மகளை அனுப்புங்கள் ஐயா.