எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றால் பிள்ளைக்கு மாவுக்கட்டு எதற்கு?

தங்கச்சிமடம் கரையில் வள்ளத்திலிருந்து குதித்துக் கையூன்றி விழுந்த 11 வயது மகனுக்கு, எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதைப் பிரித்து ஊரிலேயே எண்ணெய்க்கட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் எலும்பு மருத்துவர்தான்; இராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைக்குச் சற்று உள்ளே, குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு எனப்படும் அந்த இடத்தில்தான் எலும்பு நீள்கிறது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாததால் அது படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டையே முறிவு என்று எண்ணிப் பதறும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் எலும்பு விலகாமல் தட்டில் மட்டும் பிளவு விழுந்திருந்தால் படம் எந்தக் குறையும் இல்லாததுபோலவே இருக்கும். ஆகவே மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பை மருத்துவர் விரல்நுனியால் அழுத்தும்போது பிள்ளை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டால், படம் என்ன சொன்னாலும் அதை முறிவாகவே கருதிக் கட்டுப் போடுவார்கள். இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படத்தில் புதிய எலும்பு படிவது தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும்.

இந்த வயதில் மூட்டைப் பிணைக்கும் ஜவ்வு வளர்ச்சித் தட்டைவிட வலுவானது. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகும் அதே விழுகை பிள்ளைகளுக்குத் தட்டைப் பிளந்துவிடலாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து உருவினால் அந்தப் பிளவின் மீதே விசை விழுகிறது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால், வீக்கம் ஏறும்போது இரத்த ஓட்டம் நின்று கையே பாழாகும் ஆபத்தும் உண்டு.

1963இல் டொரன்டோவைச் சேர்ந்த சால்டர், ஹாரிஸ் என்ற மருத்துவர்கள் வளர்ச்சித் தட்டு முறிவுகளுக்கு வகுத்த ஐந்து வகைகளில், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுடையது தட்டில் மட்டும் பிளவு விழும் முதல் வகையாக இருக்கலாம். மணிக்கட்டில் அது பெரும்பாலும் குறையின்றி ஆறிவிடும். பிளவு மூட்டுக்குள் இறங்கும் மூன்றாம், நான்காம் வகைகளில் எலும்பு விலகியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கட்டுப் பிரித்த பிறகு வரச்சொல்லும் நாள்களைத்தான் நம் பக்கத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாம்பன் பாலம் தாண்டி வந்துபோனால் ஒருநாள் தொழில் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மணிக்கட்டு முனையிலிருந்தே வருகிறது. அங்கே வளர்ச்சி நின்றால் பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு கை கோணிவிடும். அது தெரியவே சில மாதங்கள் ஆகும். மருத்துவர் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வரச் சொன்னால், முதல் நாள் எடுத்த படத்தையும் கொண்டு செல்லுங்கள்.

இப்போதைக்குக் கையை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி வையுங்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ, விரலை நிமிர்த்தும்போது பிள்ளை வலி தாங்காமல் துடித்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.