பழைய டூ-ஸ்ட்ரோக் குவாட் வாங்கப் போகிறீர்களா? முதலில் காற்று நிற்கிறதா பாருங்கள்

கேள்வி: மிச்சிகனில் கேன்டன் பக்கம் வசிக்கிறேன். ஊரில் ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தேன், அந்தப் பழக்கத்தில் வார இறுதி வேலையாக ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் நாலு சக்கர குவாட் வாங்கிச் சரிசெய்ய ஆசை. இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று யமஹா பான்ஷி; ஓடவில்லை, "கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும்" என்கிறார் விற்பவர். இன்னொன்று யமஹா பிளாஸ்டர். ஓடுகிறது, ஆனால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சட்டென்று அடங்காமல் சில நொடி உறுமிக்கொண்டே நிற்கிறது. எதை வாங்கலாம்? எங்கிருந்து வேலையைத் தொடங்குவது?

பதில்: பிளாஸ்டரை வாங்குங்கள். வாங்கியதும் ஓட்டாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அந்த உறுமல்தான் இந்த வண்டியின் முக்கியச் செய்தி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸ், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை, வெறும் ஆயில் தொட்டி. டூ-ஸ்ட்ரோக்கில் அதுவே ஒரு பம்ப். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அதற்குள் நுழைந்துதான் சிலிண்டருக்கு ஏறும். எங்காவது ஒரு கேஸ்கட்டோ ஆயில் சீலோ விட்டுப்போனால், கார்ப்பரேட்டருக்குத் தெரியாமல் வெளிக்காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் பத்தாது. பெட்ரோலிலேயே டூ-டி ஆயிலைக் கலந்து ஓட்டும் வண்டியானால் ஆயிலும் பத்தாது. இப்படி ஓடும் வண்டி வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகவே தெரியும், ஒரு நீண்ட மேட்டில் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்ளும்வரை. எனவே "ஓடுகிறது" என்பதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.

பான்ஷி ஆசை புரிகிறது. அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்ற வண்டி அது. தண்ணீரால் குளிரும் இரட்டைச் சிலிண்டர், 347 சிசி, போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ. நம் ஊர் ராஜ்தூத் 350-ன் போரும் ஸ்ட்ரோக்கும் இதே அளவுதான். இரண்டும் யமஹாவின் ஆர்டி பைக் வம்சம். ஆனால் முதல் வேலைக்கு இரட்டைச் சிலிண்டர் வேண்டாம். இரண்டு கார்ப்பரேட்டர்களும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். சோக் ஒரு கார்ப்பரேட்டரில் மட்டும் இருக்க, மற்றதற்கு அதன் பெட்ரோல் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகத்தான் போகிறது. அந்தக் குழாயில் வெடிப்பு விட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் பத்தாமல் ஓடும். கிராங்க் சீலின் (கிராங்க் முனையைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தின்) விளிம்பு கேஸிலுள்ள பள்ளத்தில் பூட்டிக்கொள்வதால், அதை மாற்ற இன்ஜினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். விற்பவர் சொல்வதையும் யோசியுங்கள்: கார்ப்பரேட்டர் சுத்தம் ஒரு மாலை வேலை. ஓடும் பான்ஷிக்குக் கிடைக்கும் விலை தெரிந்தும் அவர் ஏன் அதைச் செய்யவில்லை?

பிளாஸ்டர் 1988 முதல் 2006 வரை வந்தது. ஒற்றைச் சிலிண்டர், காற்றில் குளிர்வது, 195 சிசி, போர் 66 மி.மீ., ரீட் வால்வ் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்), தனி டேங்கிலிருந்து தானே ஆயில் ஊற்றும் பம்ப். ஆர்எக்ஸ் 100-ல் கை வைத்தவருக்கு இதில் புரியாதது எதுவும் இருக்காது. ஹோண்டா டிஆர்எக்ஸ் 250ஆர் (1986–89), சுசுகி எல்டி 250ஆர் (1985–92) ஆகியவை அருமையான வண்டிகள்தான். ஆனால் அவற்றுக்கு உதிரி பாகம் தேடுவதே தனிப் பொழுதுபோக்காகிவிடும்.

பார்க்கப் போகும்போது 14 மி.மீ. மரையுள்ள கம்ப்ரஷன் கேஜ், பிளக் ஸ்பேனர், டார்ச் மூன்றும் போதும். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து, முள் நிற்கும்வரை கிக்கரை உதையுங்கள். கம்பெனி ஹெட் உள்ள பிளாஸ்டர் 120 பிஎஸ்ஐ சுற்றிக் காட்டும். 110-க்குக் கீழே வந்தால் பிஸ்டன், ரிங், போர் வேலை உண்டு என்று வைத்து விலை பேசுங்கள். சைலன்சரின் முன் பைப்பைக் கழற்ற அனுமதித்தால் டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் துளை வழியே பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். நெடுக்குக் கோடுகள் இருந்தால் ஒருமுறையாவது பிடித்திருக்கிறது. மேக்னெட் மூடியைத் திறந்து ஃப்ளைவீலை மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் போய்விட்டது. அந்த வண்டியை விட்டுவிடலாம்.

அடிப்பகுதியில் மறக்கக் கூடாதது ஸ்விங் ஆர்ம் (பின் அச்சைத் தாங்கும் கை) போல்ட். வருடக்கணக்கில் கிரீஸ் காணாமல் துருவில் இறுகிப்போன போல்ட்டை வெளியே எடுப்பதற்குள் இன்ஜின் வேலையே முடிந்துவிடும். பின் அச்சைப் பிடித்து ஆட்டிப் பேரிங்கையும், முன் சக்கரத்தை ஆட்டிப் பால் ஜாயின்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், சீட், ஸ்டிக்கர் எல்லாம் காசு கொடுத்தால் கிடைப்பவை, அவற்றுக்காக விலையை ஏற்றாதீர்கள். பளபளப்பான எக்ஸ்பான்ஷன் பைப் போட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை: பைப்பை மாற்றியவர் மெயின் ஜெட்டை (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகும் அளவுத் துளையை) மாற்றினாரா என்று கேளுங்கள். கம்பெனி வண்டியில் 230. ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றி, பைப்பும் மாற்றிய பிறகு அதே 230-ல் ஓட்டினால் பிஸ்டன் தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை காற்றுச் சோதனை. கருவியை நீங்களே செய்யலாம். பிளட் பிரஷர் பார்க்கும் பழைய கைப்பம்ப்பும் மீட்டரும் போதும். கார்ப்பரேட்டரையும் பைப்பையும் கழற்றுங்கள். இன்டேக் ரப்பரைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் அதில்தான் வெடிப்பு விட்டிருக்கும், சோதனையில் அதுவும் இருக்க வேண்டும். எக்ஸாஸ்டை விரியும் ரப்பர் பிளக்கால் அடையுங்கள். இன்டேக் வாயில் குழாய் செருகிய ரப்பர் அடைப்பானைப் போட்டு கிளாம்ப்பால் இறுக்குங்கள். ஆயில் பம்ப் குழாயையும் அடையுங்கள். ஸ்பார்க் பிளக் இருக்கட்டும், பிஸ்டன் அடியில் நிற்கட்டும். மீட்டர் 300 (மி.மீ. பாதரசம்) காட்டும்வரை அடியுங்கள். அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் நல்ல சீலையே பிதுக்கிவிடும். 6 நிமிடம் முள் நகராமல் நின்றால் இன்ஜின் நல்லது.

உங்கள் வண்டியில் நிற்காது என்றே நினைக்கிறோம். சோப்புத் தண்ணீரைத் தெளித்து நுரை வரும் இடத்தைத் தேடுங்கள்: இன்டேக் ரப்பர், ரீட் வால்வ் கேஸ்கட், சிலிண்டர் அடி, ஹெட், ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் இடது கிராங்க் சீல். வலது சீல் கிளட்ச் பக்கம் ஒளிந்திருப்பதால் நுரை தெரியாது. கியர் பாக்ஸின் மூச்சுக்குழாயைத் தண்ணீரில் விடுங்கள், குமிழி வந்தால் அதுதான். வலது சீல் போன வண்டி கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகை விடும், கியர் ஆயில் மட்டமும் காரணமில்லாமல் இறங்கும். இடது சீலை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். ஃப்ளைவீலை அதற்கான மரையுள்ள புல்லரால்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிப்போகும். வலது சீலுக்கு கிளட்ச் மூடியும் பிரைமரி கியரும் கழற்ற வேண்டும்.

சிலிண்டரைத் திறந்ததும் பிஸ்டனைத் துடைத்துத் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் பெட்ரோலோ ஆயிலோ பத்தவில்லை. நாலு மூலையிலும் உரசியிருந்தால் இன்ஜின் சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள், இல்லையென்றால் போர் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கிறது. இன்டேக் பக்கம் சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே மண் போயிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

புதுப் பிஸ்டன் கையில் வந்த பிறகே சிலிண்டரைப் போர் அடிக்க, அதாவது பிஸ்டன் அளவுக்குக் கடைய, கொடுங்கள். இடைவெளி அந்தப் பிஸ்டனுடன் வரும் தாளில் இருக்கும். போர் முடிந்து வரும் சிலிண்டரில் துளைகளின் விளிம்பு கத்திபோல் இருக்கக் கூடாது, லேசாக மழித்திருக்க வேண்டும், இல்லையேல் ரிங் மாட்டிக்கொள்ளும். பெட்ரோலில் கழுவினால் ஹோன் பொடி (போரைத் தீட்டிய கல்லின் பொடி) போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்து, காய்ந்ததும் உடனே ஆயில் பூசுங்கள். ரிங்கைத் தனியாக போரில் இறக்கி முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும், 0.25 மி.மீ.க்குக் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்டைப் பார்க்கட்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்லிப் பழையது வேண்டாம். புதியதின் வாய் நேர் மேலோ நேர் கீழோ இருக்க வேண்டும். சர்க்லிப் போடும்போது கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்திருக்க வேண்டும், மறந்தால் ஒருநாள் கூடுதல் வேலை.

இன்ஜினைத் திரும்பப் பூட்டிய பிறகு மறுபடி காற்றுச் சோதனை, அதன் பிறகே பெட்ரோல். ஆயில் பம்ப்பில் காற்றுக் குமிழி நிற்கலாம், ஆகவே அதைக் காற்று நீக்கிய பின்னும் முதல் டேங்க்குக்கு 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலந்தே ஊற்றுங்கள். ஒரு அமெரிக்க கேலனுக்கு 118 மி.லி., அதாவது 4 அவுன்ஸ். பம்ப்பை எடுத்துவிட்டால் எப்போதும் இந்தக் கணக்குதான். "கொஞ்சம் கூட ஊற்றினால் பத்திரம்" என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது பாதிதான் சரி. ஆயில் கூடினால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறையும்.

மூன்று முறை சில நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் முழுதாகக் குளிரவிடுங்கள். பிறகு ஹெட் நட்டை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சரிபார்த்து, முதல் டேங்க் தீரும்வரை ஆக்சிலரேட்டரை ஒரே இடத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மிச்சிகன் குளிரில் காற்று அடர்த்தியாக இருக்கும். ஜூலையில் சரியாக இருந்த ஜெட் நவம்பரில் பத்தாது, ஒரு அளவு கூட்ட வேண்டும்.

ஸ்பார்க் விட்டு விட்டு வந்தால் சிடிஐ (ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி) வாங்க ஓடாதீர்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்கினால் ஸ்பார்க்கைத் துண்டிக்க டார்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பை யமஹா வைத்தது. கட்டைவிரல் லிவரிலும் கார்ப்பரேட்டரிலும் உள்ள சுவிட்சுகள் ஒத்துப்போகாவிட்டால் நல்ல வண்டியையும் அது நிறுத்தும். பலர் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். நீங்களும் பிடுங்கினால், மணிக்கட்டில் கட்டும் கயிற்று கில் சுவிட்ச் ஒன்றை அதே நாளில் பொருத்துங்கள்.

பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணும் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, காப்பீட்டுக் குற்றங்களைக் கண்காணிக்கும் என்ஐசிபி அமைப்பின் தளத்தில் இலவசமாகத் திருட்டுச் சோதனை செய்துவிடுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கே பேச்சே வேண்டாம். மிச்சிகனிலுள்ள சில்வர் லேக் மணல் மேடுகளுக்கு எடுத்துப்போக ஓஆர்வி (சாலைக்கு வெளியே ஓடும் வண்டி) லைசென்ஸ் ஸ்டிக்கர், டிரெயில் பெர்மிட், கொடி மூன்றும் தேவை. போகும் முன் ஃபோம் ஃபில்டரை ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து, அது பாக்ஸில் உட்காரும் விளிம்பு முழுக்க கிரீஸ் தடவுங்கள். திரும்பி வந்ததும் இன்டேக் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு மணல்கூட ஒட்டக் கூடாது.