எம்-புக்கைக் காட்டச் சொல்லுங்கள்

(நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்கள் விருப்பப்படி பெயரும் ஊரும் இல்லை.)

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் போன ஆவணியில் சிமென்ட் சாலை போட்டார்கள். பங்குனிக்குள் ஜல்லி பல்லை இளிக்கிறது. மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். ‘கான்ட்ராக்டரிடம் சொல்கிறோம்’ என்பதோடு சரி. அடுத்து எங்கே போவது?

பதில்: அதே அலுவலகத்துக்குத்தான் அம்மா. மனுவை மட்டும் மாற்றி எழுதுங்கள். ‘சாலை சரியில்லை’ என்று எழுதினால் அதற்கு ஒரு பதில் சொல்லி அனுப்புவது எங்களுக்குக் கைவந்த கலை. ‘இந்தப் பணியின் எஸ்டிமேட், பணி உத்தரவு, எம்-புக் மூன்றையும் நேரில் பார்வையிட வேண்டும்’ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளுக்குள் பதில் வரவேண்டும்.

எம்-புக் என்றால் அளவுப் புத்தகம். வேலை நடந்த இடத்தில் நீளம், அகலம், கனம் அளந்து இளநிலைப் பொறியாளர் எழுதுவது. பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு. கிழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒரு கோடு அடித்து, சுருக்கொப்பம் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதவேண்டும். மேலே உள்ளவர் மறு அளவு பார்த்த பிறகுதான் பில். கான்ட்ராக்டருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் இந்தப் புத்தகத்தில் உள்ள எண்ணை நம்பித்தான் போகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கான்க்ரீட் சாலைக்கு மறு அளவு பார்க்கப் போனோம். புத்தகத்தில் கனம் 15 சென்டிமீட்டர் என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. ஓரத்தில் ஸ்கேல் வைத்தால் 15 சரியாக இருந்தது. கூட வந்த வயதான மேஸ்திரி ஒன்றும் பேசாமல் நடுரோட்டில் உளியை வைத்து அடிக்க ஆரம்பித்தார். குழிக்குள் ஸ்கேலை விட்டால் 11. ஓரத்துப் பலகையை 15க்கு நிறுத்திவிட்டு, நடுவில் மண்ணை மேடாக விட்டு மூடியிருந்தார்கள். சராசரியாக 3 சென்டிமீட்டர் குறைந்தாலே, 100 மீட்டர் நீளம் 3 மீட்டர் அகலச் சாலையில் 9 கன மீட்டர் கான்க்ரீட் மிச்சம். ஒன்றரை மிக்ஸர் லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் எழுதினவர் யார் என்று கேட்காதீர்கள். அவரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் டீ குடித்தவன் நான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. காகிதத்தைப் பார்ப்பதோடு உங்கள் உரிமை முடியவில்லை. நடக்கும் வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. மனுவில் அதையும் கேளுங்கள்.

ஆனால், ஜல்லி தெரிவதற்குக் கனக் குறைவு மட்டும் காரணமில்லை. கலவையில் தண்ணீரை அதிகமாக ஊற்றினாலும், போட்ட பிறகு பாத்தி கட்டி நனைக்காமல் விட்டாலும் மேல்பூச்சு தூளாக உதிரும். மறுநாளே பலகையைத் தள்ளிவிட்டு பைக் ஓட்டியது உங்கள் தெருக்காரர்களாகவும் இருக்கலாம், கோபிக்க வேண்டாம். எப்படியிருந்தாலும், ஒப்பந்தத்தில் குறைபாடு பொறுப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குள் என்றால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ‘அவருடைய வைப்புத்தொகை திருப்பித் தரப்பட்டுவிட்டதா?’ என்று ஒரு வரியும் சேருங்கள். மூன்று மனுவுக்கு நகராத ஃபைல் அந்த ஒரு வரிக்கு நகர்ந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் எங்கள் வீடு அரை அடி பள்ளத்துக்குப் போகிறது. கேட்பார் இல்லையா?

பதில்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். எஸ்டிமேட்டில் ‘மில்லிங்’ என்று ஒரு இனம் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் சுரண்டாமல் வந்தால், தார் வண்டி வரும் காலையில் வாசலில் நில்லுங்கள். மறுநாள் போய் நிற்பதில் பிரயோஜனமில்லை.

கேள்வி: நான் புதிதாகப் பதிவு பெற்ற சின்ன கான்ட்ராக்டர். எங்கள் ஊரில் 40 லட்ச ரூபாய் வடிகால் வேலைக்கு 9 நாள் அவகாசத்தில் டெண்டர் விட்டார்கள். நான் தயாராவதற்குள் முடிந்துவிட்டது. இது சரியா?

பதில்: தம்பி, டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்று தமிழ்நாட்டில் 1998இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2000இல் விதிகள் வந்தன. 2 கோடி வரை உள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தரவேண்டும். குறைக்கலாம்தான். ஆனால் டெண்டர் விடுகிறவருக்கு மேலே உள்ள அதிகாரி, காரணத்தை எழுத்தில் வைத்துக் குறைக்கவேண்டும். அந்தக் காரணத்தின் நகலைக் கேளுங்கள். ‘அவசரம்’ என்று ஒற்றை வார்த்தை இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த முறை டெண்டர் போட்டு, முடிவில் குறை இருந்தால், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். போடாதவருக்கு அந்த வழி இல்லை. அதனால் தோற்றாலும் போடுங்கள்.

15 நாள் கொடுத்துவிட்டால் எல்லாம் நியாயமாக நடந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பெட்டியில் உறை போட்ட காலத்தில் ஒருநாள் அரக்கு முத்திரை உடைத்து மூன்று உறைகளைப் பிரித்தோம். மூன்று பேர், மூன்று லெட்டர்ஹெட். மூன்றிலும் ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. பசையும் ஒரே பசைதான் போல, ஒரே மாதிரி மஞ்சளடித்திருந்தது. குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மறு டெண்டர் விட்டார்கள். அதே மூன்று பேர் வந்தார்கள், இந்த முறை டைப் அடித்துக்கொண்டு! இப்போது எல்லாம் ஆன்லைன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நின்றது, அது பெரிய விஷயம். ஆனால் முந்தின நாள் ராத்திரி போனில் பேசிக்கொள்வதை எந்த இணையதளமும் நிறுத்தாது.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது கம்பி வேலி போட்டுவிட்டார்கள். கேட்டால் ‘பட்டா இருக்கிறது’ என்கிறார்கள். மனை வாங்கிய எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: உண்டு. இப்போது நடப்பில் உள்ள 2019 கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளி. அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்களுடையது பழைய மனைப்பிரிவாக இருந்தாலும் அனுமதி வரைபடத்தில் பூங்கா என்று இருந்தால் அதுதான் உங்கள் முதல் ஆதாரம். அனுமதி எண் உங்கள் கிரையப் பத்திரத்திலேயே இருக்கும். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நகல் கேளுங்கள். அப்புறம் பதிவு அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்: தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டாவை நகராட்சி பெயருக்கு யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள். அது யார் வேலை என்று கேட்டால் நகரமைப்புப் பிரிவு வருவாய்ப் பிரிவைக் காட்டும், வருவாய்ப் பிரிவு தாலுகா ஆபீசைக் காட்டும். இருபது வருடம் கழித்து புரமோட்டரின் வாரிசு பழைய பட்டாவோடு வந்து நிற்பார். தானப் பத்திரமும் பதிவாகவில்லை என்றால் கொஞ்சம் சிக்கல், வக்கீலைப் பார்த்துவிடுங்கள். பதிவாகியிருந்தால் கமிஷனரிடம் நகலோடு மனு கொடுத்து, பட்டா மாற்றத்துக்கு எழுதச் சொல்லுங்கள். கவுன்சிலரைப் பிடித்து மன்றக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வேலிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வாழைக்கன்று என்றால் இதையெல்லாம் வரிசையாகச் செய்ய நேரம் இருக்கிறது. அஸ்திவாரக் குழி என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு நாளைக் காலையே போய்விடுங்கள்.